டிசம்பர் 15 வரை என்ன செய்வது? – திரைப்படப் பள்ளி முடிவுக்குக் காத்திருக்கும் ஒரு வீட்டுக்கு

கேள்வி இதுதான். கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஓர் அம்மா கேட்டிருக்கிறார். மகன் பன்னிரண்டாம் வகுப்பு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் டிஷ் கலைப்பள்ளியில் சினிமா படிக்க, நவம்பர் 1 அன்று எர்லி டிசிஷனில், அதாவது கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டிய முன்கூட்டிய சுற்றில், விண்ணப்பம் போட்டுவிட்டான். அன்றிலிருந்து, முடிவு வெளியாகும் இணையப் பக்கமான போர்ட்டலைத் திறந்து திறந்து பார்க்கிறான். மற்ற கல்லூரி விண்ணப்பங்களைத் தொடவே மாட்டேன் என்கிறான். கேட்டால், "ரிசல்ட் வரட்டும்மா, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறான். உள்ளே என்ன நடக்கிறது, நாங்கள் என்ன செய்யலாம், கிடைக்காமல் போனால் என்ன வழி?

நான் லாஸ் ஏஞ்சலஸில் எடிட்டிங் வேலை பார்க்கிறவன். இங்கேதான் எம்.எஃப்.ஏ. (நுண்கலை முதுகலை) முடித்தேன். நடுவில் இரண்டு வருடம், ஒரு பள்ளிக்கு வரும் போர்ட்ஃபோலியோக்களைப் (விண்ணப்பத்தோடு மாணவர்கள் அனுப்பும் படைப்புகள்) பார்த்து மதிப்பெண் போடும் குழுவில் உட்கார்ந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன்னால் என் மகளும் இதே மாதிரி ஒரு டிசம்பரைத் தாண்டினாள். அதனால் மேசையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். "ரிசல்ட் வரட்டும்" என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. டிஷ்ஷின் முடிவு டிசம்பர் 15-ஐ ஒட்டி வரும். யு.எஸ்.சி. (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) சினிமா பள்ளிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் டிசம்பர் 1. யு.சி.எல்.ஏ. உட்பட, யு.சி. எனப்படும் கலிஃபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாவற்றுக்கும் கெடு நவம்பர் கடைசி; வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் தள்ளும். லாங் பீச், நார்த்ரிட்ஜ் மாதிரியான கால் ஸ்டேட் (மாநிலத்தின் இன்னொரு பல்கலைக்கழக அமைப்பு) கல்லூரிகளுக்கும் ஏறக்குறைய அதே தேதிதான். அதாவது நியூயார்க்கிலிருந்து பதில் வருவதற்குள் உங்கள் சொந்த மாநிலத்தின் இந்தக் கதவுகள் அத்தனையும் சாத்தியிருக்கும். நீங்கள் ஃப்ரீமாண்ட்டில் இருந்துகொண்டு யு.சி.எல்.ஏ.வுக்குப் போடாமல் விடுவது, காவிரிக்கரையில் வீட்டை வைத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பது மாதிரி.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. யு.எஸ்.சி. 2022 முதல் எர்லி ஆக்‌ஷன் (சீக்கிரம் பதில், சேர்ந்தே ஆக வேண்டிய கட்டாயம் இல்லை) வைத்திருக்கிறது. நவம்பர் 1-க்குள் போட்டால் ஜனவரி கடைசியில் பதில். ஆனால் போர்ட்ஃபோலியோவோ ஆடிஷனோ கேட்கும் படிப்புகளுக்கு அது கிடையாது, சினிமாவும் அதில் சேர்த்தி. அவர்களுக்கு டிசம்பர் 1 மட்டும்தான், பதில் ஏப்ரலை ஒட்டித்தான். யு.சி. அமைப்பில் 'எர்லி' என்ற வார்த்தையே இல்லை. எல்லோருக்கும் மார்ச்சில்தான் முடிவு. ஆகவே 'சீக்கிரம் போட்டால் சீக்கிரம் தெரியும்' என்பது எல்லா ஊருக்கும் பொருந்தாது. நாட்டின் மிகப் பழைய சினிமா பள்ளி யு.எஸ்.சி.தான்; ஆஸ்கர் அகாடமியோடு கைகோத்து 1929-ல் ஆரம்பித்தது. அங்கே போகிற ஆசை தம்பிக்குத் துளி இருந்தாலும், அந்த வேலை இந்த நவம்பரில்தான் நடந்தாக வேண்டும்.

அவன் பக்கத்து நியாயமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஒரு படத்தை வெட்டி முடித்து, ஏற்றுமதி செய்து, அனுப்பின மறுநாள் மண்டை காலியாக இருக்கும். இன்னொரு பள்ளி இன்னொரு கேள்வி கேட்கும். 'ஒரு காட்சி எழுது, இரண்டு பேர், வசனம் இவ்வளவு பக்கம்' என்று. திரும்ப ஆரம்பத்திலிருந்து. பதினேழு வயதில் அது பெரிய சுமைதான். அதோடு, வேறு இடத்துக்கு எழுதினால் முதல் இடத்துக்குத் துரோகம் செய்கிற மாதிரி ஒரு உணர்வு. என் மகள் இதை வாய்விட்டே சொன்னாள்: "வேற காலேஜ்க்கு எழுதினா, கிடைக்காதுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இருக்கு அப்பா." அதற்கு நான் சரியான பதில் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "சரி, எழுத வேண்டாம். இந்தக் கேள்வியை மட்டும் சத்தமா படி" என்றேன். படித்தாள். அரை மணி நேரத்தில் அவளே தட்டச்சு செய்ய ஆரம்பித்துவிட்டாள். உங்கள் வீட்டில் இது வேலை செய்யும் என்று உத்தரவாதம் இல்லை. 'முழுசா முடி' என்பதைவிட 'ஒரு கேள்வியைப் படி' என்பது சின்ன வேலை, அவ்வளவுதான்.

அடுத்து, எர்லி டிசிஷன் என்றால் என்ன என்பதை வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி புரிந்துகொண்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். அது நிச்சயதார்த்தம். கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், மற்ற விண்ணப்பங்களைத் திரும்பப் பெற வேண்டும். மாணவன், பெற்றோர், பள்ளி கவுன்சிலர் மூவரும் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். எர்லி ஆக்‌ஷன் அப்படி இல்லை. பதில் மட்டும் சீக்கிரம் வரும், மே 1 வரை யோசிக்கலாம். ஒரே நேரத்தில் ஒரு இடத்தில்தான் எர்லி டிசிஷன் போட முடியும். ரெகுலரில், அதாவது வழக்கமான சுற்றில், மற்ற இடங்களுக்குப் போடுவதில் தப்பே இல்லை. அதனால் யு.எஸ்.சி.க்கும் யு.சி.எல்.ஏ.வுக்கும் இப்போது போட்டுவைப்பது எந்த ஒப்பந்தத்தையும் மீறுவதாகாது. டிஷ்ஷில் கிடைத்துவிட்டால் இரண்டு வரி எழுதி விலகிவிடலாம். நஷ்டம் விண்ணப்பக் கட்டணம் மட்டும்தான்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் டிசம்பர் 15 அன்று வெடிக்கிற சண்டை பல வீடுகளில் இதுதான். டிஷ்ஷில் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 90,000 டாலருக்கு மேல் ஆகும். நான்கு வருடத்தைப் பெருக்கிப் பாருங்கள். கலிஃபோர்னியாவாசியாக யு.சி.எல்.ஏ. போனால் அதில் பாதிக்கும் கீழே முடியும். எர்லி டிசிஷனில் கிடைத்தால் விலையை ஒப்பிட்டுப் பார்க்க வேறு எந்தக் கடிதமும் கையில் இருக்காது. கொடுக்கிற நிதி உதவி குடும்பத்துக்குக் கட்டுப்படியாகவில்லை என்றால் ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாம், அதற்கு இடம் உண்டு. ஆனால் அந்த உரையாடலை, பையன் குதித்துக்கொண்டிருக்கும் சாயங்காலத்தில் ஆரம்பிக்காதீர்கள். இப்போதே நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, வருடத்துக்கு எவ்வளவு தாங்கும் என்று ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண் அவனுக்கும் தெரியட்டும். நிதி உதவிக்கான படிவங்கள் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல், ஃபாஃப்சா இரண்டும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதும் இந்த மாத வேலையே.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்பது. சினிமா பள்ளிகளில் விண்ணப்பம் இரண்டு கைகளுக்குப் போகும். ஒன்று பல்கலைக்கழக அட்மிஷன் அலுவலகம்: மதிப்பெண், எடுத்த பாடங்கள், கட்டுரை, ஆசிரியர் கடிதம். இன்னொன்று கலைப்பிரிவு: போர்ட்ஃபோலியோ. இரண்டுக்கும் சரிபாதி எடை என்றுதான் டிஷ்ஷில் சொல்வார்கள். இரண்டு பக்கமும் 'சரி' சொன்னால்தான் இடம். படம் பிரமாதம், கணக்கில் சி என்றால் சிக்கல். எல்லாம் ஏ, படம் சாரமில்லை என்றாலும் சிக்கல். நியூயார்க் பல்கலைக்கு மொத்தமாக ஒரு வருடத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் விண்ணப்பம் வருகிறது. அண்மை ஆண்டுகளில் நூற்றுக்கு எட்டுப் பேர் அளவில்தான் எடுக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு கைகளும் ஒரே பெயரில் வந்து நிற்க வேண்டும். அதனால்தான் ஆறு வாரம் ஆகிறது. உங்கள் மகனுடைய கோப்பை வைத்துக்கொண்டு யாரும் ஆறு வாரம் விவாதிக்கவில்லை. அது தன் முறைக்காக வரிசையில் நிற்கிறது.

போர்ட்ஃபோலியோவைப் பார்க்கிறவர் எப்படி இருப்பார் என்று மாணவர்கள் கற்பனை செய்வதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். பெரிய திரை, இருட்டு அறை, தாடி வைத்த பேராசிரியர். நான் பார்த்தது சாப்பாட்டு மேசையில், லேப்டாப்பில், காதில் ஹெட்ஃபோனோடு, பக்கத்தில் ஆறிப்போன காபியோடு. ஒரு சாயங்காலத்தில் முப்பது, நாற்பது கோப்புகள். அதில் எத்தனை படங்கள் அலாரம் அடிப்பதில் தொடங்கின என்று ஒரு கட்டத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். அலாரம், கை நீண்டு அதை அமுக்கும், பிறகு கண்ணாடி முன்னால் பல் துலக்குதல். அடுத்த கோப்பு, ட்ரோன் ஷாட். கீழே கடற்கரை, பின்னணியில் பியானோ. அதற்கடுத்தது துப்பாக்கி. பதினேழு வயதுப் பிள்ளைகள் கையில் ஏன் இத்தனை துப்பாக்கி என்று நாங்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்.

ஒரு படம் மட்டும் இன்னும் மறக்கவில்லை. மூன்று நிமிஷம் இருக்கும். ஊரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்த பாட்டி, புறநகர் வீட்டின் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். வெளியே குப்பை லாரி வருகிறது. அதன் இயந்திரக் கை தொட்டியைப் பிடித்துத் தூக்கி, கவிழ்த்து, கீழே வைக்கிறது. பாட்டி பார்க்கிறார். லாரி அடுத்த வீட்டுக்கு நகர்கிறது. பாட்டி நாற்காலியை அரை அடி நகர்த்திக்கொள்கிறார். அதற்கடுத்த வீடு, இன்னும் அரை அடி. வசனம் இல்லை, பாட்டு இல்லை. நாற்காலிக் கால் மரத்தரையில் உரசும் சத்தம் மட்டும். ஃபோனில் எடுத்தது, ஓர் இடத்தில் ஃபோகஸ்கூட விட்டிருந்தது. குழுவில் இருந்த நான்கு பேரும் ஒரே மாதிரி மதிப்பெண் போட்டது அந்த ஒரு கோப்புக்குத்தான் என்று நினைக்கிறேன். அந்தப் பிள்ளை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து பார்த்திருந்தது. அதே வருடம் பாட்டியைப் பற்றி வந்த இன்னும் பல படங்களில் பழைய புகைப்படம், வீணை, 'நான் என் வேர்களைக் கண்டுகொண்டேன்' என்ற குரல். நம் பிள்ளைகள் எல்லோருக்கும் சொல்வேன்: பாட்டியை எடு, டிபன் பாக்ஸையும் எடு, தடையில்லை, ஆனால் பாட்டி என்ன செய்கிறார் என்று முதலில் பார். இது தம்பி இந்த மாதம் யு.எஸ்.சி.க்கு எடுக்கப்போகும் படத்துக்கும் பொருந்தும்.

போர்ட்டல் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பிள்ளைகள் இதற்கு 'போர்ட்டல் ஜோசியம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கத்தின் நிறம் மாறிவிட்டதாம், நிதி உதவிப் பெட்டி ஒன்று புதிதாக வந்திருக்கிறதாம், ஹவுசிங் லிங்க்கை அழுத்தினால் 'அனுமதியில்லை' என்பதற்குப் பதில் வேறு செய்தி வருகிறதாம். நம் ஊரில் பல்லி எந்தப் பக்கம் விழுந்தது என்று பஞ்சாங்கத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவோமே, அதன் இணையப் பதிப்பு இது. இந்த மென்பொருளை நடத்துகிறவர்கள் டிசம்பர் முழுக்க எதையாவது மாற்றிக்கொண்டேதான் இருப்பார்கள். பெரும்பாலான மாற்றம் விண்ணப்பித்த எல்லோருக்கும் ஒன்றுபோல வரும். என் மகளுக்கு முடிவுக்கு நான்கு நாள் முன்னால் போர்ட்டலில் புதிதாக ஒரு தாவல் முளைத்தது. அன்று எங்கள் வீட்டில் கேசரி கிண்டினோம். கிடைக்கவில்லை.

ஆனால் போர்ட்டலில் உண்மையாகவே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: செக்லிஸ்ட். பள்ளி அனுப்ப வேண்டிய மதிப்பெண் பட்டியல், பரிந்துரைக் கடிதங்கள், போர்ட்ஃபோலியோ, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் 'பெறப்பட்டது' என்று இருக்கிறதா? எனக்குத் தெரிந்த ஒரு பையனின் வீடியோ பாதியில் நின்றுவிட்டது. பள்ளியிலிருந்து 'கோப்பு திறக்கவில்லை, ஒரு வாரத்துக்குள் மறுபடி அனுப்பு' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அது ஸ்பேமில் கிடந்தது. அவன் தினமும் இருபது தடவை போர்ட்டலைப் பார்த்தான். ஸ்பேமை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வாரம் ஒரு நாள், சொல்லப்போனால் வெள்ளிக்கிழமை, ஸ்பேமையும் செக்லிஸ்ட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். மற்ற நாளில் பார்ப்பதால் ஒன்றும் கூடப்போவதில்லை, குறையப்போவதுமில்லை. நிறுத்தச் சொன்னால் நிறுத்தமாட்டான், அது வேறு விஷயம்.

இன்னொன்று பள்ளிக்கூடம். சினிமா சினிமா என்று இந்த செமஸ்டரைக் கோட்டை விடும் பிள்ளைகள் அதிகம். முதல் செமஸ்டர் மதிப்பெண் ரெகுலர் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போகும். எர்லியில் கிடைத்துவிட்டாலும் வருடக் கடைசி மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். மோசமாக விழுந்தால் கொடுத்த இடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமை பள்ளிக்கு உண்டு.

சரி, டிசம்பர் 15. கிடைத்தால் பேச ஒன்றுமில்லை. மாரிஸ் கன்பார் இன்ஸ்டிடியூட் என்ற பெயரை ஊருக்கெல்லாம் உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்; டிஷ்ஷின் சினிமா பிரிவுக்கு அதுதான் பெயர். 721 பிராட்வே என்ற கட்டடத்துக்கு எட்டு மாதத்தில் போகப்போகிறான். இயக்குநர் ஸ்கோர்செஸி நியூயார்க் பல்கலையில் படித்தவர், ஸ்பைக் லீயும் ஆங் லீயும் டிஷ்ஷில் படித்தவர்கள், மாஹேயில் பிறந்த நம் மனோஜ் ஷியாமளனும் அங்கே 1992-ல் பட்டம் வாங்கியவர் என்று அத்தை மாமாக்களுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

கிடைக்காவிட்டால், அது எந்த வகை 'இல்லை' என்று பாருங்கள். நேரடி மறுப்பு என்றால் அந்தக் கதவு இந்த வருடத்துக்கு மூடியது. மேல்முறையீடு, பேராசிரியருக்கு மின்னஞ்சல், யாரோ தெரிந்தவர் மூலம் ஒரு ஃபோன், எதுவும் வேண்டாம். சில பள்ளிகள் எர்லி விண்ணப்பத்தை ரெகுலர் வரிசைக்குத் தள்ளிவைக்கும், 'டெஃபர்' என்பார்கள். அப்படி வந்தால், இன்னும் ஆர்வம் இருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம் ஒன்று அனுப்பலாம். நவம்பருக்குப் பிறகு நடந்ததை மட்டும் எழுதினால் போதும். புதிய படம் அனுப்பலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். கேட்காமல் அனுப்பினால் பெரும்பாலான இடங்களில் பார்க்கமாட்டார்கள். கடிதத்திலேயே என்ன அனுப்பலாம் என்று இருக்கும், அதற்கு மேல் ஒரு அங்குலமும் போக வேண்டாம். மூன்றாவது ஒரு வகை உண்டு, அது யு.எஸ்.சி. மாதிரி இடங்களில் ஏப்ரலை ஒட்டி வரும்: பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்ளும், சினிமா பள்ளி சேர்த்துக்கொள்ளாது. இரண்டாவது விருப்பமாகப் போட்ட படிப்பில் இடம் கொடுப்பார்கள். அதனால் அந்த இரண்டாவது விருப்பக் கட்டத்தில் யோசிக்காமல் எதையும் நிரப்ப வேண்டாம். நான்கு வருடம் உண்மையிலேயே படிக்கக்கூடியதாக இருக்கட்டும்.

டிசம்பர் 15-க்கும் ஜனவரி 1-க்கும் நடுவில் 17 நாள். கிறிஸ்துமஸ் விடுமுறையில் பள்ளி கவுன்சிலர் இருக்கமாட்டார். அந்த 17 நாளில் எர்லி டிசிஷன் இரண்டாம் சுற்று என்று ஒன்று உண்டு. பாஸ்டன் பல்கலை, சிராக்கியூஸ், வெஸ்லியன், லயோலா மேரிமவுண்ட் எல்லாம் வைத்திருக்கிறார்கள். ஜனவரி முதல் வாரத்தை ஒட்டிப் போட்டால் பிப்ரவரியில் முடிவு, அதுவும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்தான். அதில் போவதாக இருந்தால் எந்தப் பள்ளி என்று இன்றைக்கே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துக்கத்தில் எடுக்கும் முடிவாக அது ஆகிவிடக் கூடாது. முதல் காதல் முறிந்த மறுவாரமே பெண் பார்க்கப் போகிற மாதிரி பல பிள்ளைகள் இந்த இரண்டாம் சுற்றுக்குள் விழுகிறார்கள். வெஸ்லியன் நல்ல இடம், சினிமாவைப் படிப்பதில் பெயர் பெற்றது, ஆனால் கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு முதல் வாரமே ஓட ஆசைப்படுகிறவனுக்கு அது வேறு மாதிரியான இடம், சினிமாவை முக்கியப் பாடமாக எடுப்பது சேர்ந்தபிறகுதான். இதெல்லாம் சின்ன வித்தியாசம் இல்லை. பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்றால் ஆசிரியர்களிடம் இந்த மாதமே சொல்லிவிடுங்கள்.

எங்குமே கிடைக்கவில்லை என்றால்? கலிஃபோர்னியாவில் இருப்பதன் லாபம் அப்போதுதான் தெரியும். சான்டா மோனிகா காலேஜ், லாஸ் ஏஞ்சலஸ் சிட்டி காலேஜ் மாதிரியான கம்யூனிட்டி காலேஜ்களில் (இரண்டு வருட உள்ளூர் அரசுக் கல்லூரிகள்) சினிமா வகுப்புகள் உண்டு, உபகரணங்கள் உண்டு, கட்டணம் மிகக் குறைவு. இரண்டு வருடம் கழித்து யு.சி.எல்.ஏ.வுக்கு மாறுதலில் விண்ணப்பிக்கலாம். மாறுதல் உறுதி என்று சொல்லவில்லை, யு.சி.எல்.ஏ. யாருக்கும் அந்த உத்தரவாதம் கொடுப்பதில்லை. ஆனால் அதற்குள் அவன் கையில் நான்கைந்து படம் இருக்கும். நம்மவர்கள் 'கம்யூனிட்டி காலேஜா?' என்று முகத்தைச் சுளிப்பார்கள். நான் இங்கே வேலை செய்கிற எடிட் அறைகளில் யார் எங்கே படித்தார் என்று யாரும் கேட்டதில்லை. நேற்று வெட்டின காட்சி எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

ஸ்பீல்பெர்க் கதை உங்களுக்கும் தெரிந்திருக்கும். யு.எஸ்.சி. சினிமா பள்ளி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. லாங் பீச்சில் இருக்கும் கால் ஸ்டேட்டில் சேர்ந்தார், பாதியில் விட்டார், உலகப் புகழ் அடைந்து வெகுகாலம் கழித்து 2002-ல் அங்கேயே திரும்பிப் பட்டத்தை முடித்தார். சேர்க்காத யு.எஸ்.சி. நடுவில் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்து, அறங்காவலர் குழுவிலும் உட்காரவைத்தது. இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் கதை தலைகீழ்: அவருக்கு நியூயார்க்கில் இடம் கிடைத்தது, இரண்டே நாளில் வெளியே வந்துவிட்டார். இரண்டும் நல்ல கதைகள். ஆனால் டிசம்பர் 15 அன்று ராத்திரி இந்த இரண்டையும் தயவுசெய்து தம்பியிடம் சொல்லாதீர்கள். நான் சொன்னேன். என் மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. "அப்பா, நான் ஸ்பீல்பெர்க் இல்ல" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அப்போது கேட்க விரும்பியது எதுவும் இல்லை. அவள் அம்மா ஒன்றுமே பேசாமல் தயிர்சாதத்தைக் கிண்ணத்தில் போட்டுக் கதவுக்கு வெளியே வைத்தாள். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணம் காலியாக வெளியே வந்தது. எது வேலை செய்தது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உறவினர் விஷயம் ஒன்று. ஊரில் தாத்தா பாட்டிக்கு, சித்தப்பாவுக்கு, வாட்ஸாப் குழுவுக்கு எல்லாம் 'டிசம்பர் 15-ல் ரிசல்ட்' என்று ஏற்கெனவே சொல்லியிருந்தால் போனது போகட்டும். இன்னும் சொல்லவில்லை என்றால் சொல்லாதீர்கள். அன்றைக்கு இந்திய நேரம் விடிகாலையில் ஃபோன் வரும். 'சினிமாவா? கம்ப்யூட்டர் சயின்ஸ் ஒண்ணு சேர்த்துப் போட்டு வைக்கச் சொல்லும்மா' என்ற யோசனையும் கூடவே வரும். அதை எடுத்துப் பேச வேண்டியது நீங்கள், அவன் இல்லை. தேதியைக் கேட்டால், 'ஏப்ரல்ல தெரியும்' என்று சொல்லிவிடுங்கள். பொய்யும் இல்லை, மற்ற பள்ளிகள் அப்போதுதான் சொல்லும்.

போர்ட்டலை யார் திறப்பது என்றும் முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். சில பிள்ளைகளுக்கு வீட்டில் எல்லோரும் பக்கத்தில் நிற்க வேண்டும். சிலருக்குத் தனியாக, காருக்குள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்கு ஊகிக்க வேண்டாம். யாரும் ஃபோனில் வீடியோ எடுக்க வேண்டாம். சந்தோஷ வீடியோவை மட்டும்தான் எல்லோரும் பகிர்கிறார்கள், எடுத்துப் பகிராமல் விட்டவை எத்தனையோ ஃபோன்களில் கிடக்கின்றன. எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அழிக்கவும் மனசில்லை, பார்க்கவும் மனசில்லை.

என் மகள் பிறகு என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். ரெகுலரில் போட்ட ஒரு பள்ளியில் கிடைத்தது. அந்த நவம்பரில் மூக்கால் அழுதுகொண்டே எழுதிய விண்ணப்பம் அது. இப்போது மூன்றாம் வருடம், ஒலிப்பதிவுதான் தன் வேலை என்கிறாள். படம் இயக்கும் ஆசையே போய்விட்டதாம். எனக்குத்தான் இன்னும் கொஞ்சம் வருத்தம்.

இன்று ராத்திரி செய்ய வேண்டியது: யு.எஸ்.சி. சினிமா பள்ளியின் பக்கத்தைத் திறந்து, போர்ட்ஃபோலியோ கேள்விகளை அச்செடுத்து, அவன் மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் வந்துவிடுங்கள். வீடியோவை அப்லோட் செய்யும்போது கடைசி நாள் இரவு 11:40-க்கு உட்கார விடாதீர்கள். எல்லோரும் அந்த நேரத்தில்தான் உட்கார்வார்கள், கோடு நகரவே நகராது. முந்தின நாள் மதியமே ஏற்றிவிட்டு, வேறொரு கணினியில் ஒருமுறை ஓடவிட்டுக் கடைசி ஃப்ரேம் வரை பார்க்கச் சொல்லுங்கள். சத்தம் இருக்கிறதா என்பதையும்.